முடிவு தெரியாத நாளின் படங்கள்: அமெரிக்கக் கட்சி வேட்பாளர் போட்டிக் கருத்துப்படங்களை வாசிக்கும் முறை குறித்து

முன்னுரை

அரசியல் கருத்துப்படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வது இதழியல் ஆய்வில் இன்று நிலைபெற்ற வழக்கமாகும். ஆயினும் அச்சான்று கையாளப்படும் முறையில் ஒரு குறை தொடர்ந்து காணப்படுகிறது. ஆய்வாளர் முதலில் நிகழ்வின் முடிவை அறிந்துகொள்கிறார். அதன் பின்னரே படத்தைப் பார்க்கிறார். வென்றவர் யார், தோற்றவர் யார் என்னும் அறிவு படத்தின் பொருளை முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறது. நடந்து முடிந்த ஒன்றை விளக்குவதற்காக நூலின் நடுவே சேர்க்கப்படும் துணைப்படமாகக் கருத்துப்படம் சுருங்கிவிடுகிறது. அதை வரைந்தவருக்கு அந்த முடிவு தெரியாது என்பது மறக்கப்படுகிறது.

இக்குறை மிகத் தெளிவாகப் புலப்படும் களம், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு கட்சிக்குள் குடியரசுத் தலைவர் வேட்பாளராவதற்கு நிகழ்ந்த போட்டிகளைப் பற்றிய 19, 20ஆம் நூற்றாண்டுக் கருத்துப்படங்களாகும். இரு கட்சிகள் மோதும் பொதுத்தேர்தலில் ஓவியருக்குக் கொள்கை வேறுபாடு, கொடி, சின்னம் எனப் பல கருவிகள் கிடைக்கின்றன. ஒரே கட்சிக்குள் மோதும் இருவரை வரையும்போது இவை எவையும் உதவா. இருவரும் ஒரே வீட்டார். ஒரே கொள்கையைப் பேசுபவர். எனவே ஓவியர், வாசகர் ஏற்கெனவே அறிந்த ஒரு கதையைக் கடன் வாங்கி, அதன் பாத்திரங்களாகப் போட்டியாளர்களை நிறுத்துகிறார். அக்கதை தன் முடிவையும் உடன் கொண்டுவருகிறது. கதையின் முடிவுக்கும் நிகழ்வின் முடிவுக்கும் இடையிலுள்ள தொலைவே இப்படங்களின் உண்மையான வரலாற்றுப் பொருள் என்பதும், அத்தொலைவை அளக்காத வாசிப்பு பிழையான வாசிப்பு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஓட்டப்பந்தயமும் விலகியவரும்

1824ஆம் ஆண்டுத் தேர்தல் இவ்வகையில் முதற்சான்றாகக் கொள்ளத்தக்கது. அதற்கு முன்பு கட்சி வேட்பாளரைக் காங்கிரஸ் அவை உறுப்பினர்களின் தனிக்கூட்டமே தேர்ந்தெடுத்துவந்தது. ‘காகஸ்’ எனப்பட்ட அக்கூட்டம் 1824 பிப்ரவரி 14 அன்று கூடியபோது 66 உறுப்பினர்களே வந்திருந்தனர். அவர்கள் வில்லியம் கிராஃபோர்டைத் தேர்ந்தெடுத்தனர். ஆனால் ஜான் குவின்சி ஆடம்ஸ், ஆண்ட்ரூ ஜாக்சன், ஹென்றி கிளே ஆகியோர் அம்முடிவுக்குக் கட்டுப்படவில்லை. நால்வரும் ஒரே கட்சியினர். கட்சிக்குள் முடிந்திருக்க வேண்டிய போட்டி நாடு முழுவதும் பரவியது.

டேவிட் கிளேபூல் ஜான்ஸ்டன் அதனை ஓட்டப்பந்தயமாக வரைந்தார். ஆடம்ஸ், கிராஃபோர்டு, ஜாக்சன் மூவரும் இலக்கை நோக்கி விரைகின்றனர். மக்கள் ஆரவாரம் செய்கின்றனர். கிளே பந்தயத்திலிருந்து விலகித் தலையில் கைவைத்து நிற்கிறார். பந்தயம் என்னும் கதையின் முடிவு எளியது: விரைந்தவர் வெல்வார், விலகியவர் கணக்கில் வாரார். நிகழ்ந்ததோ வேறு. தேர்வாளர் வாக்குகளில் ஜாக்சன் 99, ஆடம்ஸ் 84, கிராஃபோர்டு 41, கிளே 37 எனப் பெற்றனர். எவருக்கும் பெரும்பான்மை இல்லை. முதல் மூவருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பிரதிநிதிகள் அவைக்குச் சென்றது. அவ்வவையின் தலைவர் பந்தயத்திலிருந்து விலகிய அதே கிளே. அவருடைய ஆதரவு ஆடம்ஸுக்குச் சென்றது. 1825 பிப்ரவரியில் ஆடம்ஸ் வென்றார். கிளே அவருடைய அயலுறவுச் செயலர் ஆனார். படத்தின் ஓரத்தில் தலையில் கைவைத்து நிற்பவர்தாம் பந்தயத்தை முடித்துவைத்தவர்.

இதனை ஓவியரின் அறியாமை எனக் கொள்வது பொருந்தாது. மக்கள் திரளின் முன் திறந்தவெளியில் நிகழும் பந்தயமாகத் தேர்தலை எண்ணிப்பார்க்க விரும்பிய ஒரு தலைமுறையின் எதிர்பார்ப்பை அப்படம் பதிவுசெய்கிறது. அவ்வெதிர்பார்ப்பு இருந்தமையால்தான், பின்னர் ஆடம்ஸும் கிளேவும் செய்துகொண்டதாகச் சொல்லப்பட்ட உடன்பாடு அத்துணைச் சினத்தை எழுப்பியது. படம் தவறிய இடத்தில்தான் அதன் சான்றுமதிப்பு தொடங்குகிறது.

பெயரில்லாத தளபதி

1848ஆம் ஆண்டு விக் கட்சியின் வேட்பாளர் தேர்வைப் பற்றிய ஒரு கல்லச்சுப்படம் பாட ஆய்வில் பயின்றோரின் கவனத்துக்கு உரியது. மண்டையோடுகளின் குவியல் மேல் படைத்தளபதி ஒருவர் வாளேந்தி அமர்ந்திருக்கிறார். விக் கட்சித் தலைவருக்கு வேண்டிய ஒரே தகுதி இதுவே என்னும் பொருளில் தலைப்பு அமைந்துள்ளது. மெக்சிகோவுடனான போரைக் குறைகூறிவந்த ஒரு கட்சி, அப்போரின் வீரர் ஒருவரையே வேட்பாளராக நாடியதன் முரணை அது இடித்துரைக்கிறது.

அத்தளபதி யார் என்பதில் ஐயம் உள்ளது. சக்கரி டெய்லர் என்பது மரபாகச் சொல்லப்பட்டுவரும் விடை. வின்ஃபீல்ட் ஸ்காட்டாகவும் இருக்கலாம் என்னும் கருத்தும் உண்டு. மெக்சிகோ போரின் தளபதிகளாகிய இருவரும் ஜூன் மாதம் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டுக்கு முன்பு வேட்பாளராகக் கருதப்பட்டவர்கள். நான்காம் சுற்றில் டெய்லர் தேர்வானார். பின்னர்க் குடியரசுத் தலைவரும் ஆனார். டெய்லர் என்னும் மரபு விடைக்கு அவ்வெற்றி எவ்வளவு துணைநின்றது என்பது கேட்கப்பட வேண்டிய வினாவாகும். வென்றவரின் பெயர் ஒரு பாடவேறுபாட்டை எளிதில் முடித்துவைத்துவிடும்.

மாநாட்டுக்கு முந்திய நாளில் நின்று பார்த்தால், படத்தின் கூர்மையே அந்த ஐயத்தில் இருப்பது விளங்கும். எந்தத் தளபதியாயினும் அக்கட்சிக்குப் போதும் என்பதே பழிப்பு. தலைப்பில் வரும் ‘அவெயிலபிள்’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. கிடைக்கக்கூடியவர் என இன்று பொருள்படும் அச்சொல், அன்றைய அரசியல் வழக்கில் வெல்லும் வாய்ப்புள்ளவர் என்னும் பொருளைச் சுமந்தது. கொள்கையால் தகுந்தவர் வேறு, வெற்றிக்குத் தகுந்தவர் வேறு என்னும் பிரிவை அவ்வொரு சொல் தாங்கி நிற்கிறது. இன்றைய பொருளைக் கொண்டு வாசிப்பவர் படத்தின் பாதியை இழக்கிறார்.

சீசரின் வீழ்ச்சி

1860 மே மாதம் சிக்காகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் நியூயார்க்கின் வில்லியம் சூவர்ட் வெல்வார் என்றே பலரும் எதிர்பார்த்தனர். முதற்சுற்றில் அவர் 173½ வாக்குகளும் ஆபிரகாம் லிங்கன் 102 வாக்குகளும் பெற்றனர். வெற்றிக்கு 233 வேண்டும். மூன்றாம் சுற்றில் லிங்கன் வென்றார். ஒருகாலத்தில் சூவர்டின் தோழராயிருந்து பிரிந்த நியூயார்க் டிரிபியூன் ஆசிரியர் ஹோரஸ் கிரீலி, ஆரிகன் மாநிலப் பேராளராக அங்கு வந்து அவருக்கு எதிராகப் பணியாற்றியிருந்தார்.

ஜூன் தொடக்கத்தில் வேனிட்டி ஃபேர் இதழ் அந்நிகழ்வைச் சீசரின் கொலையாக வரைந்தது. சூவர்ட் சீசர், குத்துபவர் புரூட்டஸாகிய கிரீலி. அதே பருவத்தில் கரியர் அண்டு ஐவ்ஸ் நிறுவனம் வெளியிட்ட தனித்தாள் படமொன்றில் கட்சி ஒரு படகாகிறது. சூவர்டைப் படகிலிருந்து நீரில் தள்ளுகின்றனர். லிங்கன் சுக்கான் பிடித்து அமர்ந்திருக்கிறார்.

இன்று இவ்விரு படங்களும் பெரும்பாலும் லிங்கனைப் பற்றிய தொகுப்புகளில் இடம்பெறுகின்றன. படங்களின் அமைப்போ அதற்கு இடந்தரவில்லை. இரண்டிலும் செயல் நிகழ்வது சூவர்டின் உடல்மேல். அவ்வாண்டுக் கோடைக்காலத்தில் நாட்டின் முன் நின்ற செய்தி லிங்கனின் எழுச்சி எனக் கொள்வதைவிட, சூவர்டின் வீழ்ச்சி எனக் கொள்வதே இப்படங்களுக்குப் பொருந்தும். லிங்கன் பிற்காலத்தில் அடைந்த பெருமையை அப்படங்களின் மேல் ஏற்றி வாசிப்பது, தோற்றவரின் வரலாற்றைப் படத்திலிருந்தே அகற்றிவிடுகிறது.

கடன் வாங்கிய கதையின் முடிவு இங்கும் நோக்கத்தக்கது. சீசரைக் கொன்ற புரூட்டஸ் அதனால் பயன்பெறவில்லை. கிரீலியும் 1861இல் செனட் உறுப்பினராக முயன்று, சூவர்டின் நண்பர்களுடைய எதிர்ப்பால் அவ்வாய்ப்பை இழந்தார். சூவர்ட் மட்டும் சீசர் போல மடியவில்லை. லிங்கனின் அயலுறவுச் செயலராக உயர்ந்தார். கதை ஒருவருக்குப் பொருந்தி மற்றவருக்குப் பொருந்தாமற் போயிற்று.

வெளியீட்டின் வகையும் வாசிப்பில் சேர வேண்டும். வேனிட்டி ஃபேர் நகைச்சுவை வார இதழ். கரியர் அண்டு ஐவ்ஸ் படம் விற்கும் நிறுவனம். அது பல தரப்பாருக்கும் உகந்த படங்களை அச்சிட்டது. இதழின் படத்தில் ஆசிரியரின் சார்பைத் தேடலாம். கடையில் விற்ற தனித்தாளில் தேட வேண்டியது வாங்குபவரின் விருப்பத்தை. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பொதுமக்கள் கருத்து எனப் பெயரிடுவது முறையன்று. அக்காலப் படங்களில் கறுப்பின மக்களை இழிவாகத் தீட்டும் வழக்கம் பரவியிருந்ததும் மறைக்கப்படக் கூடாதது. யாரை நோக்கி அந்நகை எழுந்ததோ அவர்களுள் பெரும்பாலோர்க்கு அன்று வாக்குரிமையே இல்லை.

தோல் போர்த்திய கழுதை

1874 நவம்பர் 7 நாளிட்ட ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் தாமஸ் நாஸ்ட் வரைந்த படம், குடியரசுக் கட்சிக்கு யானைச் சின்னம் நிலைபெறக் காரணமானதென எங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. அது எதைப் பற்றியது என்பது அந்த அளவுக்கு நினைக்கப்படுவதில்லை. குடியரசுத் தலைவர் கிராண்ட் மூன்றாம் முறையும் வேட்பாளராவார் என்னும் பேச்சை நியூயார்க் ஹெரால்டு நாளிதழ் கிளப்பி, அதைச் சீசராட்சி எனப் பழித்துவந்தது. நாஸ்ட் கிராண்டின் ஆதரவாளர். சிங்கத்தோல் போர்த்திய கழுதையாக அந்நாளிதழை வரைந்தார். அதைக் கண்டு காட்டு விலங்குகள் வெருண்டோடுகின்றன; அவற்றுள் ஒன்று, குழியின் விளிம்பில் தடுமாறும் யானை. அது குடியரசுக் கட்சியின் வாக்கைக் குறிக்கிறது.

இப்படத்திலுள்ள கழுதையை மக்களாட்சிக் கட்சியாகக் கொள்வது அடிக்கடி நேரும் பிழை. அக்கட்சி இங்கு நரியாக வரையப்பட்டுள்ளது. கழுதை ஒரு நாளிதழ். பிற்காலத்தில் நிலைத்த இணைச் சின்னங்களின் பழக்கம், முற்காலப் படத்தின் எழுத்தையே படிக்கவிடாமல் தடுக்கிறது.

சிங்கத்தோல் போர்த்திய கழுதை ஈசாப்பின் கதைகளுள் ஒன்று. பௌத்த சாதகக் கதைகளிலும் அதன் வடிவம் உண்டு. பஞ்சதந்திரத்தில் அக்கழுதை புலித்தோல் போர்த்துகிறது. திருக்குறளின் கூடாவொழுக்க அதிகாரத்தில் புலித்தோல் போர்த்து மேயும் பசு உவமையாக வருகிறது. இவ்வடிவங்களை ஒப்பிடும் தமிழ் வாசகர்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். குறளில் நடிப்பவர் தவவேடத்தில் மறையும் ஒருவர். குற்றம் அவருடைய ஒழுக்கத்தில் உள்ளது. நாஸ்டின் படத்தில் குற்றம் இருவகை. ஏமாற்றும் கழுதைக்கு ஒரு பங்கு. பார்க்காமலே ஓடும் விலங்குகளுக்கு மறுபங்கு. வாக்காளரின் அச்சத்தையே எள்ளும் வகையில் அக்கதை இங்கு திரிந்துள்ளது.

அக்கதையின் முடிவு யாவரும் அறிந்தது: தோல் விலகும், உள்ளே சிங்கம் இல்லை என்பது தெரியும். மூன்றாம் முறை என்பதே பொய்யச்சம் என்பது நாஸ்டின் வாதம். 1875இல் கிராண்ட் தாம் போட்டியிடப்போவதில்லை எனக் கடிதம் எழுதினார். அவ்வாண்டின் இறுதியில் பிரதிநிதிகள் அவை மூன்றாம் முறைக்கு எதிரான தீர்மானத்தை 233க்கு 18 என்னும் வாக்குகளால் நிறைவேற்றியது. கதை பலித்ததுபோல் தோன்றியது. ஆனால் 1880இல் கிராண்டின் நண்பர்கள் அவரை மூன்றாம் முறைக்கு உண்மையாகவே முன்னிறுத்தினர். ஆறு ஆண்டுகளுக்கு முன் தோல் மட்டுமே எனப்பட்ட இடத்தில் இப்போது சிங்கமே வந்து நின்றது.

சிக்காகோவில் முதற்சுற்றில் கிராண்ட் 304, ஜேம்ஸ் பிளெய்ன் 284, ஜான் ஷெர்மன் 93 வாக்குகள் பெற்றனர். முடிவு எட்டாமல் சுற்றுகள் நீண்டன. 36ஆம் சுற்றில், ஷெர்மனை முன்மொழிந்து பேசிய ஜேம்ஸ் கார்ஃபீல்டே 399 வாக்குகளுடன் வேட்பாளரானார். கிராண்டின் 306 பேர் இறுதிவரை அசையவில்லை. பக் இதழில் ஜோசப் கெப்ளர் அதனை அப்போமட்டாக்ஸ் சரணடைவாக வரைந்தார். 1865இல் அவ்வூரில் தென்மாநிலத் தளபதி லீயின் சரணை ஏற்றவர் கிராண்ட். படத்தில் அவரே கார்ஃபீல்டிடம் வாளை ஒப்படைக்கிறார். இங்கு கடன் வாங்கப்பட்டது பழங்கதை அன்று. போட்டியாளரின் சொந்த வாழ்க்கை. ஒருவர் பெற்ற புகழே அவரை எள்ளும் கருவியாக மாறுகிறது.

பச்சை குத்திய மனிதர்

இவ்வரிசையில் மிக விரிவான வாசிப்பை வேண்டி நிற்பது, 1884 ஜூன் 4 நாளிட்ட பக் இதழில் பெர்ன்ஹார்ட் கில்லம் வரைந்த படமாகும். பிளெய்ன் நெடுங்காலமாக வேட்பாளராக விழைந்தவர். இருப்புப்பாதை நிறுவனங்களின் பங்குப் பத்திரங்கள் தொடர்பான குற்றச்சாட்டுகள் அவரைப் பின்தொடர்ந்தன. அவ்வாண்டு பக் அவரை உடல் முழுவதும் பச்சை குத்தப்பட்ட மனிதராகக் காட்டத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பச்சையும் ஓர் ஊழலின் பெயர். காசு கொடுத்து விந்தை மனிதர்களைக் காணும் காட்சிச்சாலைகள் அன்றைய நகர மக்களுக்குப் பழகியவை. எனவே பச்சை குத்திய உடல் என்னும் உருவம் எவருக்கும் விளக்கம் வேண்டாதது.

ஜூன் 4 இதழில் அவ்வுருவம் ஒரு புகழ்பெற்ற ஓவியத்துக்குள் வைக்கப்பட்டது. ஏதென்ஸ் நகரக் கணிகை ஃபிரைனி, தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு நடுவர் முன் நின்றபோது, அவளுக்காக வாதிட்டவர் அவளுடைய ஆடையை நீக்கினார் என்றும், அழகைக் கண்ட நடுவர்கள் அவளை விடுவித்தனர் என்றும் பழங்கதை கூறும். பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் அதனை 1861இல் தீட்டினார். கில்லமின் படத்தில் ஃபிரைனியின் இடத்தில் பிளெய்ன். ஆடையை நீக்குபவர் டிரிபியூன் ஆசிரியர் வைட்லா ரீட். நடுவர்களாகக் கட்சித் தலைவர்கள் வீற்றிருக்கின்றனர். ஆடை நீங்கியதும் வெளிப்படுவது அழகன்று, பச்சைகள்.

குடியரசுக் கட்சி மாநாடு ஜூன் 3 முதல் 6 வரை சிக்காகோவில் நடந்தது. வண்ணக் கல்லச்சில் நடுப்பக்கப் படத்தை உருவாக்க நாள்கள் பிடிக்கும். ஆகவே படம் மாநாட்டுக்கு முன்பே வரையப்பட்டிருக்க வேண்டும். அது பேராளரை நோக்கிய ஒரு வழக்குரை: இவ்வுடலைக் கண்ட பின்னும் விடுவிப்பீர்களா என்பதே அதன் வினா. பேராளர்கள் விடுவித்தனர். நான்காம் சுற்றில் பிளெய்ன் 541 வாக்குகள் பெற்று வேட்பாளரானார். பதவியிலிருந்த குடியரசுத் தலைவர் ஆர்தருக்குக் கிடைத்தவை 207.

கில்லம் பழங்கதையின் நடுப்பகுதியை எடுத்துக்கொண்டு அதன் முடிவைத் திருத்த முயன்றார். கதை தன் பழைய முடிவுக்கே திரும்பியது. ஃபிரைனியும் விடுதலை பெற்றாள். பிளெய்னும் விடுதலை பெற்றார். குற்றப்பட்டியல் தெரிந்திருந்தும் தெரிந்தெடுத்தனர் என்பதுதான் அம்மாநாட்டைப் பற்றி இப்படம் தரும் செய்தி. முடிவை மட்டும் வைத்துப் பார்ப்பவர் படம் தோற்றது என்பார். நவம்பரை வைத்துப் பார்ப்பவர் படம் வென்றது என்பார். ஏனெனில் பொதுத்தேர்தலில் பிளெய்ன் தோற்றார். இரண்டும் குறையுடைய வாசிப்புகள்.

விளைவு என்னும் மயக்கம்

ஒரு கருத்துப்படம் ஒரு தலைவரை வீழ்த்தியது என்னும் கூற்று பொதுவாசகரை எளிதில் கவர்வது. பிளெய்னின் தோல்விக்குப் பச்சை குத்திய மனிதரே காரணம் எனக் கூறுவது அவ்வகையினது. நியூயார்க் மாநிலத்தை அவர் ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில் இழந்தார். அம்மாநிலத்தோடு தேர்தலையும் இழந்தார். அச்சிறு வேறுபாட்டை விளக்கப் பல காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. கட்சியின் சீர்திருத்தப் பிரிவினர் விலகிச் சென்றனர். மதுவிலக்குக் கட்சி வேட்பாளர் வாக்குகளைப் பிரித்தார். இறுதி வாரத்தில் பிளெய்னின் முன்னிலையில் பாதிரியார் ஒருவர் கத்தோலிக்கரைப் புண்படுத்திப் பேசினார். ஆயிரம் வாக்கு வேறுபாட்டில் எந்த ஒன்றையும் தனிக்காரணமாக நிறுவ இயலாது.

படம் வாக்குகளை மாற்றியதா என்பதைவிட, அது எந்தச் சொல்லை வழக்கில் விட்டுச்சென்றது என்பது விடை காணக்கூடிய வினா. சிதறிய பல குற்றச்சாட்டுகளை ஒரே உடலில் எழுதி, ஒரே பெயரால் அழைக்கும் வசதியைப் பச்சை குத்திய மனிதர் என்னும் உருவம் தந்தது. கட்சிக்குள் எழுந்த வசை, வேட்பாளர் தேர்வு முடிந்த பின்னும் மறையாமல் எதிர்க்கட்சியின் கைக்கு ஆயத்தமாகச் சென்றது. உட்கட்சிப் போட்டிப் படங்களின் தனித்தன்மை இதுவே. வீட்டுக்குள் பேசிய சொல் தெருவுக்கு வந்துவிடுகிறது.

1912 இதற்கு இன்னொரு சான்று. 1906இல் பக் இதழ், குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டை அரசராகவும் வில்லியம் டாஃப்டை அவர் கையிலுள்ள பட்டத்து இளவரசக் குழந்தையாகவும் வரைந்தது. மக்களாட்சியில் வாரிசா என்பது பழிப்பு. ஆனால் கதையின் முடிவு பலித்தது. 1908இல் டாஃப்ட் வேட்பாளரானார், வென்றார். நான்கு ஆண்டுகளில் இருவரும் பகைத்தனர். தம் தொப்பி களத்தில் எறியப்பட்டுவிட்டது என்னும் பொருளில், குத்துச்சண்டை வழக்கிலிருந்து ரூஸ்வெல்ட் பேசியதும் தொப்பி அவ்வாண்டுப் படங்களில் நிலைத்த அடையாளமாயிற்று. பந்தயமும் கொலையும் வழக்கும் போய்க் குத்துச்சண்டை வந்தது. முதனிலைத் தேர்தல்கள் பரவத் தொடங்கிய ஆண்டு அது; அவற்றுள் பெரும்பாலானவற்றில், டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹாயோ உட்பட, ரூஸ்வெல்ட் வென்றார். பூசலுக்குள்ளான 254 பேராளர் இடங்களில் 235ஐக் கட்சியின் தேசியக் குழு டாஃப்டுக்கே வழங்கியது. டாஃப்ட் 561 வாக்குகளுடன் தேர்வானார். ரூஸ்வெல்ட் வெளியேறிப் புதுக்கட்சி கண்டார்.

குத்துச்சண்டைக் கதையில் இருவருள் ஒருவர் வெல்ல வேண்டும். நவம்பரில் உட்ரோ வில்சன் 435 தேர்வாளர் வாக்குகள் பெற்றார். ரூஸ்வெல்ட் 88, டாஃப்ட் 8. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்னும் பழமொழியே இங்கு பொருந்திய கதை. மேலும், களத்தின் நடுவே இருவர் மோதுவதாக வரையும் படத்தில், இடங்களைப் பங்கிட்ட குழுவறைக்கு இடமில்லை. உருவகம் காட்டும் அளவுக்கு மறைக்கவும் செய்கிறது. 1824இன் ஓட்டப்பந்தயத்தில் கண்ட அதே குறை 88 ஆண்டுகளுக்குப் பின்னும் தொடர்கிறது.

தமிழாய்வுக்கு உரியது

அயல்நாட்டுப் படங்களைப் பற்றிய இவ்வாராய்ச்சி தமிழ் இதழியல் ஆய்வுக்கு வெளிப்பட்டதன்று. சென்னையிலும் பின்னர்ப் புதுச்சேரியிலும் வெளிவந்த ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் கருத்துப்படங்களுக்கு முதன்மையான இடம் தந்தார். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த தொகுப்பால் 1906 முதல் 1910 வரையிலான அப்படங்கள் ஆய்வாளர் கைக்கு எட்டின. அவ்விதழ் வெளிவந்த காலத்தில்தான் காங்கிரஸ் இயக்கம் தலைமைப் பதவியை முன்னிட்டு உடைந்தது. 1907 டிசம்பர் சூரத் மாநாட்டில் ராஷ் பிஹாரி கோஷ் தலைவராவதற்கு எதிர்ப்பு எழுந்தது. பூசலில் மாநாடு கலைந்தது. பாரதியாரும் வ. உ. சிதம்பரனாரும் அங்குச் சென்றிருந்தனர். அமெரிக்க வேட்பாளர் தேர்வும் காங்கிரஸ் தலைவர் தேர்வும் ஒன்றல்ல. முன்னது நாட்டின் ஆட்சிப்பொறுப்புக்கு வழி, பின்னது அடிமை நாட்டின் இயக்கத் தலைமை. ஆயினும் ஒரே அமைப்புக்குள் இருதரப்பார் மோதும்போது கருத்துப்படம் என்ன செய்கிறது என்னும் வினா இரண்டுக்கும் பொது.

அவ்வினாவுக்கு விடைகாண, படத்தைத் தனியே எடுத்துப் பதிப்பிப்பது போதாது. வெளிவந்த நாள், அந்நாளில் அறியப்பட்டவையும் அறியப்படாதவையும், இதழின் சார்பு, படத்தின் கீழுள்ள வாசகம், உள்ளே எழுதப்பட்ட பெயர்கள், கடன் வாங்கப்பட்ட கதை, அக்கதை வாசகரிடம் வழங்கிய வடிவம், அடுத்த வார இதழ் ஆகியவை ஒருங்கே குறிக்கப்பட வேண்டும். செவ்வியல் நூல்களுக்குத் திணையும் துறையும் பாடவேறுபாடும் தந்து பதிப்பித்த மரபு தமிழில் உண்டு. அந்த ஒழுங்கு ஒரு வார இதழின் படத்துக்கு மிகையாகாது.

முடிவுரை

பந்தயத்தில் விலகியவர் பந்தயத்தை முடித்துவைத்தார், பெயரில்லாத தளபதிக்கு வென்றவரின் பெயர் ஒட்டியது, சீசர் பிழைத்தார், தோலுக்குள் இல்லை எனப்பட்ட சிங்கம் ஆறு ஆண்டுகளுக்குப் பின் வந்தது, கில்லம் திருத்திய கதை தன் பழைய முடிவுக்குத் திரும்பியது. இவற்றை ஓவியர்களின் தோல்விகளாகப் பட்டியலிடுவது ஆய்வாகாது. ஒவ்வொரு படமும் முடிவு தெரியாத ஒரு நாளில், இப்படித்தான் முடியும் அல்லது இப்படி முடியக்கூடாது என ஒருவர் வைத்த வாதம். முடிவை அறிந்த ஆய்வாளர் அந்நாளுக்குத் திரும்பிச் சென்று அவ்வாதத்தைக் கேட்க வேண்டும். இல்லையேல் வரலாறு வென்றவரின் பெயரை மீண்டும் ஒருமுறை எழுதிக்கொள்ளும். படங்கள் அதற்கு அணிசெய்யும் அளவில் நின்றுவிடும்.